தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து மைதானம்

ரெமிஹியோ கஸ்தஞோலா தன் வாழ்நாளில் பாதியைப் பஸ் ஓட்டுவதிலும் மீதியை எதிராளியின் மைதானத்தைப் பழிப்பதிலும் கழித்தவர். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவும் அவருக்கு வரும். புவெனோஸ் ஐரிஸின் தென்கோடியில், ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சான் ஹெனாரோ கால்பந்து கிளப்பின் மைதானம். அந்தப் பக்கம் லா எஸ்த்ரேயா மைதானம். அவர் பஸ் இரண்டையும் உரசிக்கொண்டு போகும். பச்சைச் சுவர் வந்தால் வேகத்தைக் குறைப்பார். ஊதாச் சுவர் வந்தால், நிறுத்தத்தில் ஆள் கையைக் காட்டினாலும் சில நாள் கண் தெரியாதவர்போலப் போய்விடுவார். இதற்காகக் கம்பெனியில் மெமோ கொடுத்தார்கள். அதையும் ஏதோ மெடல் வாங்கியதுபோலத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சான் ஹெனாரோவின் பச்சைக்காரர்களுக்குத் 'தவளை' என்று பேர். எஸ்த்ரேயாவின் ஊதாக்காரர்களுக்குக் 'கத்தரிக்காய்'. ரெமிஹியோ தவளைக் குடும்பத்தில் பிறந்த தவளை. பிறப்பைப் பதிவதற்கு முன்பே கிளப்பில் உறுப்பினராகப் பேர் கொடுத்துவிட்டார் அவருடைய அப்பா. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மகள் யானினா, ஊரில் வேறு ஆளே கிடைக்காததுபோல, ஒரு கத்தரிக்காய் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளைகூடப் பரவாயில்லை, பந்து என்றால் கொட்டாவி விடுகிற ரகம். சம்பந்தி ஒராசியோதான் கெட்டி ஊதா.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாவுக்குள் பூரணம் வைத்து அவித்த ரவியோலித் தட்டு மேசைக்கு வந்ததும் இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"எங்க மைதானம் ஆளாளுக்கு செங்கல் சுமந்து கட்டுனது, சம்பந்தி. உங்களுது அரசாங்கம் போட்ட பிச்சை" என்பார் ரெமிஹியோ.

"பிச்சையோ கொடையோ, எங்க கேலரி செங்குத்து. மேல்படில நின்னு துப்புனா கோல்கீப்பர் மண்டையில விழும். உங்களுது என்னது, சாப்பிட்டுட்டு மல்லாந்து படுத்த மாதிரி கெடக்கு."

"உங்க கேலரியில சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். கோல் போட்டாக்கூடக் கண்ணுக்குத் தெரியாது. போட்டாத்தானே."

"அத வெளிய இருந்து சுவத்தப் பாத்துட்டுச் சொல்றீங்க. ஒரு நாளாவது உள்ள வந்திருக்கீங்களா?"

அங்கேதான் ரெமிஹியோ மாட்டிக்கொள்வார். வந்ததில்லை. கலவரத்துக்குப் பயந்து எதிரணி ரசிகர்களை உள்ளே விடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. அதற்கு முன்பு விட்ட நாளிலும் அவர் போகவில்லை, அம்மா விடவில்லை. அவருடைய அண்ணன் எலிசெயோ ஓர் ஆட்டத்தன்று வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. சான் ஹெனாரோவின் கேலரி அப்போது மரத்தில் இருந்தது. கோல் விழுந்து எல்லோரும் குதித்தபோது பலகைகள் முறிந்து ஏழு பேர் செத்தார்கள். அதில் எலிசெயோ ஒருவன். அதற்குப் பிறகுதான் ஆளுக்கு ஆள் செங்கல் சுமந்தது. அண்ணனைப் பற்றி ரெமிஹியோ யாரிடமும் பேசமாட்டார். சம்பந்தி வீட்டாருக்கு, அண்ணன் ஒருவன் சின்ன வயதில் இறந்துபோனான் என்பது மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிறு, மேசையில் ஒயின் கொஞ்சம் கூடிப்போனது. ஒராசியோ சொன்னார்: "அடுத்த வாரம் நம்ம ரெண்டு பேருக்கும்தான் ஆட்டம், எங்க மைதானத்துல. மகனோட கிளப் மெம்பர் கார்டு சும்மாதான் கெடக்கு. எங்கூட வாங்க. உள்ள நின்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

யானினா சிரித்தாள். "அப்பாவா? அவரு அந்தத் தெருவுல காலே வைக்க மாட்டாரு."

"ஏன் வைக்க மாட்டேன்? வர்றேன்னு சொல்லுங்க உங்க கத்தரிக்காய்களுக்கு" என்றார் ரெமிஹியோ.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையும் கெட்டது.

திங்கட்கிழமையே பயம் பிடித்துக்கொண்டது. அவருக்கு எல்லாம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஊதாக் கேலரியில் ஒளிந்திருந்த ஒரு பச்சைக்காரனை மேல்படியிலிருந்து உருட்டிவிட்டார்கள். அவன் இன்னும் ஊன்றுகோலோடுதான் பஸ் ஏறுகிறான். அவர் பஸ்ஸிலேயே ஏறுகிறான். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சாகும்வரை ஒவ்வொரு ரவியோலிக்கும் அதைத் தொட்டுக்கொள்ளத் தருவார் சம்பந்தி. மானம் பெரிதா உயிர் பெரிதா என்று கேட்டால் உயிர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஞாயிறு வந்ததும் சாம்பல் நிறச் சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

வாசலில் நின்றவன் ஒராசியோவைக் கட்டிப்பிடித்தான், அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே படி ஏறும்போது ரெமிஹியோ பிடித்துக்கொள்ளக் கம்பி தேடினார். சம்பந்தி சொன்னது பொய்யில்லை. கேலரி சுவர்போல நிமிர்ந்து நின்றது. ஏணியில் மாட்டிவைத்த ஜனம்போல ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் கால். விழுந்தால் பிடிக்க ஒன்றும் கிடையாது.

"எப்படி?" என்றார் ஒராசியோ, காதோடு.

"வெயில் மூஞ்சில அடிக்குது" என்றார் ரெமிஹியோ. அவருக்கே தன் குரல் கேட்கவில்லை.

முதல் பாதி எப்படியோ ஓடியது. எல்லோரும் குதித்தபோது குதித்தார். "குதிக்காதவன் தவளை" என்று பாடியபோது மற்றவர்களைவிட உயரமாகக் குதித்தார். சான் ஹெனாரோ ஒரு கோல் போட்டது. அந்தக் கணம் நெஞ்சுக்குள் எழுந்ததை அவர் அப்படியே பல்லைக் கடித்து விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் அது துக்கம் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அவரைக் காட்டிக்கொடுத்தது வாயல்ல, கை.

அந்த வருடம் சான் ஹெனாரோ புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. இன்னும் இரண்டு தோல்வி வந்தால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். அந்த ஊர் ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் அணிக்குக் கெட்டது வரும் என்று யாராவது வாயால் சொன்னால், தோஷம் கழிய இடது கையால் கால்சட்டைக்கு நடுவே, இடப்பக்கத்தைத் தொட்டுக்கொள்வார்கள். பாதிரியார் முன்னால்கூடத் தொடுவார்கள். யோசித்துச் செய்வதல்ல, தும்மல் மாதிரி தானாக வரும். இரண்டாம் பாதியில் ஊதாக் கேலரி முழுக்க, "இறங்கப்போறாங்க, தவளைங்க இறங்கப்போறாங்க" என்று பாட ஆரம்பித்தது. ரெமிஹியோவின் கை அங்கே போய்விட்டது. ஒவ்வொரு 'இறங்கப்போறாங்க'வுக்கும் ஒரு முறை போனது.

அதைக் கேட்டுப் பயப்படுகிறவன் யார்? ஊரில் ஒரே ஒரு ஜாதிதான், தவளை ஜாதி.

பின்படியிலிருந்து ஒரு கை அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. திரும்பினார். மொட்டைத்தலை ஆள் ஒருவன், கழுத்தில் கிளப் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தான். கோபமே இல்லாமல் கேட்டான்.

"பெரியவரே, கை எங்க போச்சு?"

ரெமிஹியோ கையைச் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டார். ஒராசியோ முந்திக்கொண்டார். அவர் முகமும் வெளுத்திருந்தது; தவளையை உள்ளே கூட்டிவந்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும்.

"என் சம்பந்திப்பா. வேர்க்குரு. சொறிஞ்சுக்கிட்டாரு."

"சரியா பாட்டு வர்றப்பதான் சொறியுமா, ஒராசியோ ஐயா?"

"வேர்க்குருவுக்கு நேரம் காலம் தெரியுமா?"

அவன் சிரிக்கவில்லை. சுற்றிலும் நாலைந்து பேர் ஆட்டத்தை விட்டு இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். ரெமிஹியோ கீழே பார்த்தார். படிகள், படிகள், கம்பி வேலி. ஊன்றுகோல்காரன் விழுந்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஒன்றுக்கு வந்துவிடும்போல இருந்தது.

"ஒண்ணும் வேணாம்" என்றான் மொட்டைத்தலையன். "பலகைப் பாட்டப் பாடட்டும். நம்மாளுன்னா தெரிஞ்சிருக்கும்ல."

பலகைப் பாட்டு அவருக்குத் தெரியும். ஆட்ட நாட்களில் தண்டவாளம் தாண்டி அது காற்றில் வரும். வீட்டில் இருந்தால் ரேடியோவைக் கூட்டிவைப்பார், பஸ்ஸில் இருந்தால் ஹாரன் அடிப்பார். அப்படியும் ஒரு வரி விடாமல் தெரியும். காதை மூடிக்கொள்கிறவனுக்குத்தான் பாட்டு நன்றாக மனப்பாடம் ஆகும்.

பாடினார். முதலில் காற்றுதான் வந்தது. "கேக்கல" என்றான் அவன். இன்னும் உரக்கப் பாடினார்.

*பலகை ஒடஞ்சுது, தவளை நசுங்குச்சு*
*ஏழு பொட்டி போதாது, இன்னும் அடிங்கடா*

சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கூடச் சேர்ந்தார்கள். பிறகு அந்த வரிசை, பிறகு கேலரி முழுவதும். ரெமிஹியோவே ஆரம்பித்துவைத்ததாக ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான பேர் அவர் அண்ணனைப் பாட, அவர் நடுவில் நின்று கைதட்டிக் குதித்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "மன்னிச்சுக்குங்க பெரியவரே, இப்பல்லாம் யாரையும் நம்ப முடியல" என்று சொல்லி, அந்த மொட்டைத்தலையன் பாதி தின்ற, சொரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி வைத்த ரொட்டியைப் பிய்த்து நீட்டினான். அதையும் வாங்கித் தின்றார்.

ஒராசியோ மட்டும் பாடவில்லை. சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் முடிந்து இருவரும் திரும்பி நடந்தார்கள். தண்டவாளத்தைத் தாண்டியதும் ஒராசியோ நின்றார்.

"உங்க அண்ணன் அந்தப் பலகையிலயா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாது, சம்பந்தி. சத்தியமா தெரியாது. அம்பது வருஷமா பாடுறேன்."

ரெமிஹியோ இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"உங்க ஆளுங்க ஒரு பஸ் பாட்டு வச்சிருக்காங்கள்ல" என்றார் ஒராசியோ. "பாலத்துல இருந்து ஆத்துக்குள்ள போன எங்க பஸ்ஸு. கத்தரிக்காய் மிதக்குதுன்னு. அந்த பஸ்ல நானும் இருந்தேன். ஜன்னல் வழியா வந்துட்டேன். பக்கத்துல இருந்தவன் வரல."

அந்தப் பாட்டை ரெமிஹியோ பாடியிருக்கிறார். அவரே பஸ் டிரைவர் என்பதால், "டிரைவரே, பிரேக்க மறந்துட்டியா" என்ற வரி வரும்போது கூட்டம் அவரைத் தோளில் தூக்கி ஆட்டும். அவருக்கு அது ஒரு கௌரவம். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து சான் ஹெனாரோவில் ஆட்டம். எதிரணி வேறு ஏதோ ஊர். தன் மைதானம், தன் படி, தோளோடு தோள் நிற்கிற அதே ஆட்கள். உள்ளே நுழைந்ததும் உடம்பு லேசானது. இங்கே யாரும் தன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார், வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

ஆட்டம் சூடு பிடிக்காமல் போகவே கூட்டம் பழைய பாட்டுகளுக்கு வந்தது. எதிரே நிற்பது எந்த ஊராக இருந்தாலும் கத்தரிக்காய்களை நாலு திட்டுத் திட்டாமல் தவளைகளுக்குப் பொழுது போகாது. பஸ் பாட்டு ஆரம்பித்தது.

"ரெமி, வா வா, உன் வரி வருது" என்று இரண்டு கைகள் அவர் தொடையைப் பிடித்தன.

"தொண்ட சரியில்லப்பா. வேணாம்."

"நீயா? உனக்கா?" பக்கத்தில் நின்ற பாஸ்குவால் சிரித்தான். இருபது வருடமாக அந்தப் படியில் பக்கத்தில் நிற்கிறவன். யானினாவின் கல்யாணத்தில் விடியும்வரை ஆடியவன். "சரி, பாட வேணாம். குதிக்கவாவது செய்."

ரெமிஹியோ குதிக்கவில்லை. கேலரி முழுக்கக் குதித்தது. "குதிக்காதவன் கத்தரிக்காய், குதிக்காதவன் கத்தரிக்காய்." பாஸ்குவாலும் குதித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"ஏண்டா ரெமி, அன்னைக்கு நீ கத்தரிக்காய் கேலரியில நின்னதா ஒருத்தன் சொன்னான். நான் அவன அடிக்கப் போனேன்." குதிப்பதை நிறுத்திவிட்டான். "போனியா?"

பின்படியில் யாரோ குனிந்து, "என்ன சொல்றான்?" என்றார்கள். முன்படியிலும் ஒரு தலை திரும்பியது. அந்தத் தலைகளையெல்லாம் ரெமிஹியோவுக்குப் பேர் பேராகத் தெரியும். கீழே பார்த்தார், இங்கேயும் படிகள், இங்கேயும் கம்பி வேலி. எல்லோரோடும் சேர்ந்து குதித்தால் போதும், ஒரே ஒரு குதி. கால்கள் அதற்குத் தயாராகவும் இருந்தன.

"போனேன்" என்றார்.

அப்புறம், எல்லோரும் நின்றுகொண்டிருக்க, விழப்போகிற அடிக்குத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்தார்.