என் தம்பியின் பெயரை வாசித்த நாள்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். எழுதினால் என் வீட்டுக்காரரைக் குறை சொன்னதாகிவிடுமே என்ற பயம். ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

2009இல் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், செபப் புத்தகங்கள் அச்சடிக்கும் ஒரு பதிப்பகத்தில் பெட்டி அடுக்கினேன். அதன் தலைவி அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி. சிறு வயதில் தன் சபையில் பாட்டுத்தாள் மடித்தவவாம். பெண்ணுக்கு, அதிலும் கறுப்பிக்கு, பதிப்பாசிரியர் மேசை எதற்கு என்று கேட்டவர்களுக்கே பிறகு மேலதிகாரியானா. அவவிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பக்கத்தையும் ஒருவர் எழுந்து நின்று சத்தமாக வாசிக்காமல் மெஷின் ஓடாது.

கார்த்திகையில் எங்கள் கோவிலின் மரித்தோர் பூசைப் புத்தகம் வந்தது. தமிழ் வாசிக்கிறவருக்குச் சுகமில்லை. அவ என்னைக் கூப்பிட்டா. ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“பெட்டியை விடுங்கோ சிஸ்டர். இண்டைக்கு நீங்கள்தான் வாசிக்கிறது.”

“நான் பத்தாம் வகுப்புத்தான் மேடம்.”

“நான் துவங்கேக்க அதுகும் இல்லை. எழும்புங்கோ.”

இறந்தவர்களின் பட்டியல். நடுவில் என் தம்பியின் பெயர், ஊரோடு. வன்னியில் சண்டை முடிந்ததிலிருந்து அவனைப் பற்றித் தகவல் இல்லை. ஏதாவது முகாமில் இருப்பான் என்று தினமும் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தேன்.

“இது பிழை மேடம். எடுத்துவிடுங்கோ.”

“பேர் குடுத்தவை சொன்னால்தான் எடுக்கலாம். கேளுங்கோ. அதுவரைக்கும் மெஷின் நிக்கும்.”

“புத்தகம் எடுக்கப் பாதர் வந்திட்டார்!” என்று மெஷின்காரர் கத்தினார்.

“தேத்தண்ணி குடுத்து இருத்து,” என்றா அவ.

கோவிலிலிருந்து வந்த, பெயர் எழுதிய துண்டுகளைக் கிளறினேன். தம்பியின் பெயர் இருந்த துண்டில் என் வீட்டுக்காரரின் கையெழுத்து. போன் எடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, தம்பியின்ர பேரை ஏன் குடுத்தனீங்கள்?”

“வைகாசியிலயே தெரியும். கூட இருந்த பெடியன் சொன்னவன். நீர் தாங்கமாட்டீர் எண்டு... பூசையிலயாவது பேர் வரட்டும் எண்டு குடுத்தன். நீர் பெட்டிதானே அடுக்கிறனீர், பூசைக்கு முதலே வாசிப்பீர் எண்டு நினைக்கேல்லை.”

திரும்பி வந்து வாசித்தேன். தம்பியின் பெயரை முணுமுணுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

“கேக்கேல்லை. இன்னொருக்கா,” என்றா.

“ஏலாது மேடம்.”

“அப்ப எனக்குச் சொல்லித் தாங்கோ.”

சொன்னேன். அவ தன் நாக்கில் அந்தப் பெயரை மூன்று தரம் பிழையாகவும் ஒரு தரம் சரியாகவும் சொன்னா. பிறகு என் கையைப் பிடித்தபடியே, மெஷினைப் போடச் சொன்னா.

ஆறு மாதம் உயிரில்லாதவனுக்குச் சுகம் கேட்டு மன்றாடியிருக்கிறேன். பேருந்தில் வீடு திரும்பும்போது ஆண்டவரிடம் இனி என்ன கேட்பது என்று தெரியவில்லை. இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

வாசிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் கொடுங்கள். அவவைப் புனிதையாக்காமல், என் வீட்டுக்காரரைக் கெட்டவராக்காமல், இருக்கிறபடியே கொடுங்கள்.