கைக்கடிகாரம் எண்ணாத நடை

எலும்பு முறிவு வார்டில் அவளுக்குச் 'சிடுசிடு சிஸ்டர்' என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் இடுப்பெலும்பு உடைந்தவர்களைத் தூக்கி, புரட்டிப் படுக்கவைத்தால் யார் முகமும் அப்படித்தான் ஆகும். முகம் போனால் போகட்டும், இப்போது முதுகே போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. ஊசி போடும் அறைக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மாற்றம் கிடைக்காவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஊழியர்களைப் பரிசோதிக்கும் டாக்டர் மாற்றத்துக்கான படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"உடற்பயிற்சி உண்டா?"

"நாள் முழுக்க ஓடிக்கிட்டேதானே இருக்கேன் டாக்டர்."

"அது வேலை. நான் கேட்டது உடற்பயிற்சி."

'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். உடம்பை அசைக்காததால் வரும் வலியாம். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து நீட்டினார். அடிகளை எண்ணுமாம். ஒரு வாரம் கட்டிக்கொள்ளட்டும், எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

வீட்டில் புருஷனுக்கு ஒரே குஷி. தினமும் புது ஷூவை மாட்டிக்கொண்டு பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மலையைப் புரட்டியவர் போல நாற்காலியில் சாய்கிற மனிதர் அவர்.

"நான் அப்பவே சொல்லல? என்கூட நடக்க வாயேன்."

அவள் குழம்புச் சட்டியை ணங்கென்று இறக்கிவைத்தாள். வாயைத் திறந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கணினியைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் அடி. பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கீங்களே சிஸ்டர்!"

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நோயாளியைத் தொடும்போது மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது, முழங்கை வரை கழுவ வேண்டும் என்பது வார்டின் சட்டம். அதனால் ஒவ்வொரு முறையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பாதி நாள் உட்கார்ந்திருந்தது கடிகாரம்தான். கட்டியிருந்த நேரத்திலோ கை தள்ளுவண்டியைப் பிடித்திருந்தது. கை வீசாமல் நடந்தால் அந்தச் சனியனுக்கு அது நடையே இல்லை. ஒழுங்காகச் சட்டத்தை மதித்தவளுக்குச் சோம்பேறிப் பட்டம்!

இதையெல்லாம் அவள் கொட்டித் தீர்த்ததும் டாக்டர் பேனாவைச் சுழற்றினார்.

"சரி, நிறைய நடக்கறீங்கன்னே வெச்சுக்குவோம். அப்ப உங்க வேலையே நல்ல உடற்பயிற்சி ஆச்சே. பிறகு எதுக்கு மாற்றம்?"

அவள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பண்றது உடற்பயிற்சி. மூச்சு வாங்கினா நின்னுடுவார். மழைன்னா போகவே மாட்டார். நான் தொண்ணூறு கிலோ ஆளைத் தூக்கிக்கிட்டு இருக்கறப்ப முதுகுல சுரீர்னு பிடிச்சா நிறுத்த முடியுமா? நான் விட்டா அந்த நோயாளி விழுவார், ஒட்டவெச்ச எலும்பு மறுபடியும் உடையும். இத்தனை வருஷத்துல ஒருத்தரையும் நான் விட்டதில்ல டாக்டர். அதான் என் முதுகு இப்படி."

டாக்டர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

அவள் பேனாவைப் பிடுங்கினாள். எல்லாக் கட்டங்களுக்கும் குறுக்கே, 'வேலை செய்ததால் முதுகு போயிற்று' என்று பெரிதாக எழுதித் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்க."

டாக்டர் போட்டார்.