அண்ணா தோற்க விரும்பிய தேர்தல்

துக்கம் கேட்க வந்த நீங்கள் எல்லோரும் எங்கள் அண்ணாவைப் பற்றி ஒன்றையே சொன்னீர்கள்: அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. உண்மைதான். அந்தக் குணம்தான் அவரைக் கட்டிப் போட்டது.

அண்ணா மயிலாப்பூரில் இதே வீட்டில் பிறந்தார். கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே சட்டம் படித்து வக்கீலானார். பத்தொன்பது வயதில் நான் கணவரை இழந்ததும் என்னை அழைத்துவந்து, நான் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று வீட்டை என் பெயருக்கு எழுதினார். அண்ணாவின் மனைவி, என் மன்னி, காலமான பிறகு அவர்களுடைய ஒரே பிள்ளையை நான் வளர்த்தேன்.

வக்கீல் நண்பர்கள் மத்திய சட்டசபைக்கு நிற்கச் சொன்னார்கள். முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் நின்றார்; ஜெயித்தார். டெல்லிக் குளிர் முதல் வருஷமே மாரைப் பிடித்தது. ஊர் வந்தாலோ வாசலில் கூட்டம். ரயிலும் தபாலும் உப்பு வரியும் பேசுகிற சபைக்காரரிடம் கார்ப்பரேஷன் காரியங்களைக் கொண்டுவருவார்கள்.

"சாமி எப்ப வராரும்மா? கொயாயில தண்ணி வந்து மூணு நாளு ஆவுது" என்பார் மந்தைவெளிப் பால்காரர். இது என் வேலை இல்லை என்று அண்ணா ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் டெல்லியில் இருக்கும் மாதங்களில் குறைகளைக் கேட்டு நான் எழுதி அனுப்புவேன். நான் எதிரே வந்தால் சகுனம் பார்த்து ஒதுங்கிய தெருக்காரர்கள் என் முன்னால் மனுவோடு நின்றார்கள்.

மூன்றாம் முறையும் நண்பர்கள் வந்தார்கள். அண்ணாவுக்கு மூச்சிழுப்பு முற்றியிருந்தது. அப்படியும் தலையாட்டிவிட்டு அண்ணா சமையலறைக்கு வந்தார்.

"கோமு, வீடு உன் பேர்ல இருக்கறதால நோக்கு ஓட்டு உண்டு. எதிர்த்து நிக்கறவருக்குப் போடு. உன் சிநேகிதாளையும் போடச் சொல்லு."

"நீங்களே மாட்டேன்னு சொல்லிடப்படாதா, அண்ணா?"

"வாய் வரலையேடி. தோத்துட்டா ஆத்துல இருந்துண்டு நிம்மதியா மூச்சு விடுவேன்."

சரி என்றேன். வரி கட்டும் வீட்டுப் பெண்கள் என் பேச்சைக் கேட்பார்கள். தேர்தலன்று அவர்களை வண்டியில் அழைத்துப் போனேன். எல்லோரையும் அண்ணாவுக்கே போடச் சொன்னேன், நானும் போட்டேன். அவருடைய கௌரவத்துக்காக என்று அன்று சொல்லிக்கொண்டது பொய். அவர் தோற்றால் நான் மறுபடி அடுப்படியோடு அடங்க வேண்டும். அதற்குப் பயந்தேன்.

அண்ணாவே ஜெயித்தார்; மாலை போட வந்தார்கள். அண்ணா சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினார். என்னைப் பார்த்தார். பெட்டி கட்டும்போது, "கம்பளி இன்னொண்ணு வை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில் படுத்த படுக்கையாகத் திரும்பினார். கடைசி நாளிலும் யாரோ மனுவோடு வந்தார். "உள்ள வரச் சொல்லு" என்றார் அண்ணா.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், ரயிலில் துணை வந்த நண்பருக்கும், அடையாற்றிலிருந்து தினமும் இளநீர் அனுப்பியவருக்கும் எங்கள் நன்றி. வண்டியில் என்னோடு வந்த தோழிகளே, உங்களிடம் நான் மன்னிப்புத்தான் கேட்க வேண்டும்.

பத்தாம் நாளே, காலியான இடத்துக்கு நிற்க அண்ணாவின் பிள்ளையைக் கேட்டு, நண்பர்களே, நீங்கள் வந்தீர்கள். அவனும் அப்பாவைப் போலவே மறுக்க முடியாமல் தலை குனிந்து நின்றான். நாளை முதல் இந்த வாசலுக்கு ஒருவரும் வராமல் போகலாம். போகட்டும். அவன் தலையாட்டுவதற்கு முன் இந்த வீட்டின் பதிலை நானே எழுதிவிடுகிறேன்: இல்லை.