நான் திறந்த மடை

காரைக்கால் தலத்தெருவில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஆறு வீடுகள். தண்ணீர்த் தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று. மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒருமுறை தொட்டி நிரம்பி மாடிப்படியெல்லாம் தண்ணீர் வழிந்தபோது, ஆறு வீட்டாரையும் கீழே வரவழைத்து, "யாரு போட்டது? இப்ப சொல்லியாகணும்" என்று நிற்க வைத்துக் கேட்டவன் நான். இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் கண் கலங்கி, "நான்தாங்க. அடுப்புல பால் வச்சிருந்தேன், மறந்துட்டேன்" என்றாள். அவளுக்குப் பொறுப்புணர்ச்சி பற்றி ஐந்து நிமிடம் பாடம் எடுத்தேன். கேட்டதும் அவள் ஒப்புக்கொண்டாள் என்பது அன்று எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

காரைக்காலைப் போய் நகரம் என்கிறாயே என்று சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எதிர்வீட்டு ஸ்கூட்டர் ஹாரன், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி, ஆபீசில் நான் உட்காரும் ஜன்னலுக்கு முன்னால் நாள் முழுக்கக் கையில் பைலோடு நிற்கும் வரிசை, என் பக்கத்து நாற்காலிக்காரரின் இருமல் என்று ஒரு மனிதனைக் கசக்கிப் பிழிய இதெல்லாம் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் யாரைப் பார்த்தாலும் வள்ளென்று விழுவேன். சனிக்கிழமை மதியம் அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பச்சை தெரிய ஆரம்பித்த பிறகுதான் மூச்சு விடுவேன்.

அங்கே என் அக்காவின் வீடு இருக்கிறது. அத்தானுக்கு வெளியூரில் வேலை; மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வயலை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். நானும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் சம்பளம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து வயல் எனக்கு வேலை செய்யும் இடமாக இல்லாமல், போய் இளைப்பாறும் இடமாக மாறிவிட்டது. அக்கா களை பறித்துக்கொண்டிருப்பாள். நான் வரப்பில் நின்று கொக்கைப் படம் பிடிப்பேன். "மன அமைதி" என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். ஆபீஸ்காரர்கள் கைகூப்பும் பொம்மைகளை அனுப்புவார்கள்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "வரப்புல ஏறும்போது அந்த ஷூவக் கழட்டிட்டுப் போடா." வயலுக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. நான் காலையில் நடப்பதற்கென்று வாங்கிய கனத்த ஷூவோடுதான் போவேன். முள் குத்தும் என்பேன்.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. நடவு முடிந்து பயிர் பச்சை கட்டி நின்றது. சாயங்காலம் வெயில் இறங்கிய நேரத்தில் நான் மட்டும் வயலுக்குப் போனேன். அக்காவின் வயலுக்குக் கீழே இன்னொருவருடைய வயல். அக்கா அவரை அண்ணே என்பாள், நானும் அப்படித்தான். கீழ்வயலுக்கு வாய்க்காலிலிருந்து நேராகத் தண்ணீர் போகாது. அக்காவின் வயலில் பாய்ந்து நிறைந்த பிறகு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வரப்பில் ஒரு மடை வழியாக இறங்க வேண்டும். அந்த மடையைச் சேறும் வைக்கோலும் வைத்து அடைத்திருந்தார்கள்.

தண்ணீர் விழும் சத்தத்தை வீடியோவில் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அவ்வளவுதான், வேறு காரணமே இல்லை. மடையைத் தொடுவதென்றால் வயல்காரரைக் கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்று எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஒரு நிமிடம்தானே என்று ஷூ காலால் சேற்றை எத்தித் தள்ளினேன். தண்ணீர் சளசளவென்று இறங்கியது. அழகாக இருந்தது, பொய் சொல்வானேன். குனிந்து வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தலத்தெருவிலிருந்து கீழ்வீட்டுக்காரர். தொட்டி மறுபடி நிரம்பி வழிகிறதாம். எனக்கு வந்ததே கோபம். "ஒரு பொறுப்பு வேணாமாங்க மனுசனுக்கு?" என்று கத்திக்கொண்டே வரப்பு வழியாக நடந்து, ரோட்டுக்கு வந்து, வீடு போய்ச் சேர்ந்து காபியும் குடித்துவிட்டேன். மடை திறந்தபடி கிடந்தது.

அன்று காலையில்தான் அக்கா அந்த வயலுக்கு மேலுரம் போட்டிருந்தாள். எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஞாயிறு காலை வயலுக்குப் போன அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள். வயலில் தண்ணீர் இல்லை. போட்ட உரமெல்லாம் தண்ணீரோடு கீழ்வயலுக்குப் போய்விட்டது. கீழ்வயல் தளும்பி நிற்கிறது. "ராத்திரியோட ராத்திரியா மடைய வெட்டி விட்டிருக்காரு மனுசன். ஒரு வார்த்தை கேட்டா நான் குடுக்க மாட்டேனா?" என்று நேரே அவர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். போகிற வழியில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவே இல்லை. அக்காவின் கோபம் கொஞ்சம் அடங்கட்டும், பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அவர் அமைதியாகத்தான் சொன்னார். "நான் தொறக்கல தங்கச்சி."

"அப்ப மடை தானா தொறந்துக்கிச்சா? ஒங்க வயல்தானே நெறஞ்சு நிக்குது?"

ஆள் கூடிவிட்டது. இனிமேல் சொன்னால் தெருவே என்னைப் பார்க்கும். ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் சுழிக்கிறவன், அந்த ஊருக்கு 'காரைக்கால் சார்' ஆன நான், காலால் மடையை எத்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? இந்த அற்பத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தாலாவது இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

"காளியம்மன் வாசல்ல வந்து சூடம் அணைக்கிறேன். போதுமா?" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கோயில் வாசலில் ஒரு கட்டிச் சூடத்தைத் தரையில் வைத்துக் கொளுத்தினார். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றோம். அவருக்கு நேர் எதிரில் நான். சூடம் நன்றாகப் பிடித்து எரிந்தது. அவர் உடனே அணைக்கவில்லை. கையை அதன் மேலே வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நானோ எங்க வீட்டு ஆளுங்களோ அந்த மடையத் தொடல, தாயே" என்று உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார். நான் குனிந்து என் ஷூவின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "சத்தியம் பண்ணிட்டாரு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் தண்ணி போனது நெசம்தானே" என்றாள். அப்போதே வயலுக்குப் போய் மடையைக் கல்லும் மண்ணும் வைத்து இறுக அடைத்தாள். மதிய பஸ்ஸைப் பிடித்து நான் தலத்தெருவுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நாலைந்து சனிக்கிழமைகள் நான் போகவில்லை. ஆபீசில் ஆடிட் என்றேன், சளி என்றேன். இயற்கை இல்லாமல் இருக்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே ஒருவர் வலையைக் காயப் போட்டிருந்தார். அதன் ஓரத்தைத் தாண்டிப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. எதையாவது மிதித்துவிடுவேன், யார் பிழைப்பாவது கெட்டுவிடும் என்று தோன்றியது. பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன். அந்த வீடியோ என் போனில் இருந்தது. சளசளவென்ற சத்தமும், கடைசியில் நான் "பொறுப்பு வேணாமாங்க" என்று ஆரம்பிக்கும் குரலும் அதில் இருந்தன.

மார்கழியில் மழை ஏமாற்றிவிட்டது. அக்காவின் வேலை ஒன்றுக்காக ஊருக்குப் போக வேண்டி வந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கி வயல் பக்கமாக நடந்தேன். அக்காவின் வயலில் வாய்க்கால் தண்ணீர் நின்றது. கீழ்வயல் வெடித்துக் கிடந்தது. கதிர் வர வேண்டிய நேரத்தில் பயிரின் நுனி சுருண்டிருந்தது. தூரத்தில் யாருடைய பம்ப் எஞ்சினிலிருந்தோ நீளமாக ஒரு குழாயை இழுத்து வந்து, அதன் வாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். வயலின் ஒரு மூலைகூட நனைந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அக்கா சோறு போட்டாள். சாப்பிட முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு மடையத் தொறந்தது நான்தான்" என்றேன். ஏன், எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவைக் காட்டினேன். அவள் முழுக்கப் பார்க்கவில்லை.

"அவரு சூடம் அணைக்கும்போது நீ எங்கடா நின்ன?"

"எதுத்தாப்புல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொல்லையிலிருந்து மண்வெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "நீதானே தொறந்த. போய் நீயே தொற. நான் அவரு வீட்டுக்குப் போயி அவரு பொண்டாட்டி கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனாள்.

ஷூவை ரோட்டோரமாகவே கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினேன். அக்கா வைத்த கல் சுலபத்தில் வரவில்லை. உள்ளங்கை தோலுரிந்த பிறகுதான் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அதே சத்தம். கேட்கக் கூசியது. சத்தம் கேட்டு அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். வெடிப்புகளுக்குள் தண்ணீர் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அன்னைக்கு நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. அன்னைக்குக் காலையிலேயே மடைகிட்ட ஷூ தடத்தப் பார்த்தேன். இந்த வரப்புல ஷூ போட்டு வேற யாரு நடப்பா?"

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

"அக்கா தம்பிக்குள்ள நான் எப்படிப் பூருறது? நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். சூடத்தக் கொளுத்திட்டு ஒங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க குனிஞ்சிட்டீங்க. சூடு தாங்கல, அணைச்சிட்டேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான் என்னென்னவோ சொன்னேன். மன்னிச்சுக்குங்க என்றேன், பயிர் தேறிடுமா என்றேன். பார்க்கலாம் என்றார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. வயல் நெறையிற வரைக்கும் நான் இங்கேயே நின்னு, மடைய அடைச்சிட்டு வர்றேன்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"வேணாம் தம்பி. நானே அடைச்சிக்கிறேன்" என்றார்.