என் கம்ப்யூட்டருக்கு அவர் சொன்ன ஓகே

"உங்கள் மகன் என்ன கேம் விளையாடுவான், சார்?"

போன மாதம், மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கேட்டவர் கவுன்டரில் இருந்த விற்பனையாளர். கேட்டது என் கணவர் செல்வாவிடம். எங்களுக்கு மகன் இல்லை. கம்ப்யூட்டர் எனக்கு. என்னென்ன பார்ட் வேண்டும் என்று அதுவரை மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்ததும் நான்தான்.

"இது என் மனைவிக்கு" என்று செல்வா சிரித்தார். விற்பனையாளரும் சிரித்தார். பிறகு, பவர் சப்ளை பற்றி நான் கேட்ட கேள்விக்குச் செல்வாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

பழகிவிட்டது. இதற்கெல்லாம் கோபப்பட ஆரம்பித்தால் கார் சர்வீஸ், பேங்க், பல் டாக்டர் என்று நாள் முழுக்க அதே வேலையாக இருக்க வேண்டியதுதான்.

பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் மெல்பர்னின் மேற்கு ஓரம், டார்னெய்ட்டில் இருக்கிறேன். இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் செய்பவள். புது மனைப் பிரிவுகளின் வாசலில் பெரிய போர்டு பார்த்திருப்பீர்கள் — வரிசையாக மரங்கள், மாலை வெயில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காபி குடிக்கும் தம்பதி... நேரில் போனால் மண்மேடும் கம்பிவேலியும்தான் இருக்கும். அந்த மரங்களையும் வெயிலையும் கம்ப்யூட்டரில் செய்வது என்னைப் போன்ற ஆட்கள்.

சிட்டியில் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் பல வருடம் அதைத்தான் செய்தேன். இந்த வருடம் ஆட்குறைப்பு. நான் வீட்டுக்கு வந்தேன்; நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் அங்கேயே இருந்துவிட்டது. சரி, இனி சொந்தமாகச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். அதற்கு நல்ல பலமான மெஷின் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு... நான் கேம் விளையாடுவேன். நாற்பது தாண்டிய பெண்தான். ஏன், ஆகாதா?

என் கூட்டாளி வதனி. யாழ்ப்பாணத்துக்காரி, சிட்னியில் நர்ஸ். நாங்கள் அங்கே ஹோம்புஷ்ஷில் இருந்தபோது பக்கத்து ஃபிளாட். இப்போதும் ஞாயிறு மதியங்களில் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, ஏதோ ஒரு கிரகத்தில் சேர்ந்து சுரங்கம் தோண்டுவோம். பூதம் துரத்தும்போதே மாமியார் கதையும் ஓடும். தன் கம்ப்யூட்டரைப் பார்ட் பார்ட்டாக வாங்கித் தானே பொருத்தியவள் அவள். என் பார்ட்களையும் நானும் அவளும்தான் போனில் பேசிப் பேசித் தேர்வு செய்தோம்.

பிராசஸரில் கொஞ்சம் இறங்கி வந்தோம். கலர் கலராக எரியும் விளக்குகள் வேண்டாம் என்றோம். சத்தம் போடாத ஃபேன் வேண்டும் என்றோம். படங்களை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் முறை வந்தபோது வதனியின் குரலே மாறிவிட்டது.

"ரமா, மற்றதுகளைப் பிறகு மாத்தலாம். இதில மட்டும் விட்டுக்குடுக்காதை. உன்ர மரம், இலை, கண்ணாடி எல்லாம் இந்தக் கார்டின்ர மெமரிக்குள்ளதான் அடங்கோணும். குசினி மேசை சின்னனெண்டால் எவ்வளவு கெட்டிக்காரியெண்டாலும் கலியாணச் சமையல் செய்யேலாது."

பதினாறு ஜிபி மெமரி உள்ள கார்டு என்று முடிவானது. கடையில் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். அசெம்பிள் செய்வதும் அவர்களே என்று பேச்சு.

மெஷின் தயாரானதும், ஆபீஸிலிருந்து வரும் வழியில் செல்வாவே எடுத்து வந்தார். கறுப்புப் பெட்டி. விளக்கு இல்லை, சத்தம் இல்லை. அந்த ஞாயிறு நானும் வதனியும் விளையாடியபோது படம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த வாரம் ஹெலன் கூப்பிட்டார். வீடு கட்டி விற்கும் ஒரு கம்பெனியில் மேனேஜர். பழைய ஆபீஸில் இருந்தபோதே என் வேலையைப் பார்த்தவர். ஒரு முழுத் தெருவைப் படமாகச் செய்து தர வேண்டும் — இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் மரங்கள், மழை நின்ற மாலை நேரம். பிடித்திருந்தால் அந்த மனைப் பிரிவு முழுவதும் எனக்கே. சொந்தமாகத் தொடங்கியவளுக்கு முதல் வேலையாக இதைவிட என்ன வேண்டும்?

தெருவைக் கட்டினேன். மரங்களை நட்டேன். ரோட்டில் ஈரம், ஜன்னல்களில் வெளிச்சம். கடைசிப் படத்தை எடுக்க பட்டனை அழுத்தினேன்.

மெமரி போதவில்லை என்று ஒரு வரி வந்தது. புரோகிராம் மூடிக்கொண்டது.

திரும்ப அழுத்தினேன். அதே வரி. மரங்களைக் குறைத்தேன். ஈரத்தைத் துடைத்தேன். அப்படியும் அதே. இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வரில் ஏற்றலாம் என்றால், வரைபடங்களை வெளியே அனுப்பக் கூடாது என்பது ஹெலன் கம்பெனியின் நிபந்தனை. நான் ஏதோ தப்பாகச் செய்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். முதலில் நம் மேல்தானே சந்தேகம் வருகிறது? வருடக்கணக்காகச் செய்த வேலையை மறந்துவிட்டேனோ, இதனால்தான் என்னை வெளியே அனுப்பினார்களோ என்றெல்லாம் யோசித்து, மூன்று நாள் தெருவைப் பிரித்துப் பிரித்துக் கட்டினேன்.

கடைசியில் வதனியைக் கூப்பிட்டேன்.

"கார்ட் எத்தினை ஜிபி எண்டு ஒருக்காப் பார்" என்றாள்.

"பதினாறுதான் வதனி."

"ஓம், நீ கேட்டது பதினாறு. உள்ளுக்க என்ன இருக்கெண்டு பார்."

பார்த்தேன். எட்டு.

கடைக்குப் போன் செய்தேன். அதே விற்பனையாளர், அதே மரியாதை. "பதினாறு ஸ்டாக் இல்லை, மேடம். இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதே மாடலில் எட்டு இருந்தது. கேட்டுவிட்டுத்தான் மாற்றினோம்."

"யாரைக் கேட்டீர்கள்?"

"உங்கள் கணவரை. அவர் ஓகே சொன்னார்."

"ஆர்டர் என் பெயரில்தானே?"

"ஆமாம். ஆனால் கணக்கில் இருப்பது அவருடைய நம்பர்."

எப்போதோ அங்கே ஒரு பிரின்டர் வாங்கியபோது கொடுத்த நம்பராம்.

ஒன்று சொல்ல வேண்டும். செல்வா கெட்டவர் இல்லை. காலேஜில் ஒரே வகுப்பு. நேரில் 'நீ, வா, போ'தான். பத்திரிகைக்கு ஒரு மரியாதை இருக்கிறதே என்று இங்கே 'அவர்' போடுகிறேன். சமைப்பார். "என் வைஃப் ஒரு கேமர்" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார். அன்று மாலையும் கழுவிய பாத்திரங்களை அடுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

"கடையிலேர்ந்து உனக்கு போன் வந்துச்சா?"

"எப்போ? ஓ... அதுவா. ஆமா. அந்தக் கார்டு ஸ்டாக் இல்ல, அதே மாடல்தான், மெமரி மட்டும் கம்மின்னாங்க. பிரசன்னாகிட்ட கேட்டேன். எட்டே தாராளம்னான்."

பிரசன்னா இவருடைய நண்பர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் பற்றி நிறைய வீடியோ பார்ப்பார்.

"பிரசன்னாகிட்ட கேட்டிருக்க. என்கிட்ட ஏன் கேக்கல?"

"ஏற்கனவே லேட் ஆகுதேன்னு பொலம்பிட்டிருந்த. இன்னும் ரெண்டு வாரம்னா டென்ஷன் ஆவியேன்னு..."

"எட்டு எதுக்குத் தாராளம்னான்?"

"கேமுக்கு."

"என் வேலைக்கு?"

செல்வா கையில் இருந்த தட்டைத் துணியால் துடைத்தார். அது ஏற்கனவே காய்ந்த தட்டு.

"நீ இப்பதானே ஆரம்பிக்கிற ரமா... சின்னச் சின்ன வேலைதான் வரும்னு நெனச்சேன்."

இவர் ஆபீஸில் சர்வரில் ஒரு வரி மாற்ற வேண்டும் என்றாலும் நாலு பேர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துகளை வாங்கும் பொறுப்பே இவருடையதுதான். அந்த மனிதருக்கு, என் கம்ப்யூட்டரை மாற்றும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட வேண்டிய இடத்தையெல்லாம் அந்த ஒரு பதில் தாண்டிவிட்டது.

ஹெலனுக்குப் படம் தர வேண்டிய நாள் நெருங்கியது. மரங்களைப் பாதியாக்கி, ரோட்டைக் காயவைத்து, ஜன்னல்களை இருட்டாக்கிப் படத்தை அனுப்பினேன். அவர் நாகரிகமானவர். "நன்றாக இருக்கிறது. கொஞ்சம் வெறிச்சென்று தெரிகிறது" என்று எழுதினார். அதற்கான தொகையை உடனே அனுப்பிவிட்டார். மீதி மனைப் பிரிவு இன்னொரு குழுவுக்குப் போனது. கார்டு எட்டு ஜிபி என்று அவருக்கு விளக்கம் எழுதலாமா? எழுதினால் எப்படி இருக்கும்? வேலை சரியில்லாதவள் மெஷினைக் குறை சொன்ன மாதிரி இருக்கும். விட்டுவிட்டேன்.

ஸ்டாக் வந்ததும் செல்வா பதினாறு ஜிபி கார்டு வாங்கி வந்தார். பின்னாலேயே ஸ்க்ரூடிரைவருடன் பிரசன்னா.

"அஞ்சே நிமிஷம் ரமா, நான் மாட்டித் தர்றேன்" என்றார்.

"டேபிள்ல வச்சுட்டு காபி குடிங்க. நானே மாட்டிக்கிறேன்" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, வதனி பேசப் பேச நானே மாட்டினேன். இப்போது காடே வைத்தாலும் தாங்கும். வைக்கச் சொல்லித்தான் யாரும் கேட்கவில்லை.

இதில் யாரும் எனக்கு எதையும் மறுக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். கணவர் என் நிம்மதியை நினைத்தார். நண்பர் உதவி செய்தார். எல்லோரும் நல்லவர்கள். கேட்க வேண்டிய ஒரே ஆளைத் தவிர எல்லோரையும் கேட்டுத்தான் செய்திருக்கிறார்கள். வில்லன் என்று ஒருவர் இருந்தாலாவது சண்டை போடலாம்... இந்த நல்லவர்களை என்ன செய்வது?

நேற்று கடைக்கு மறுபடி போன் செய்தேன். கணக்கில் இருக்கும் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொன்னேன்.

"தாராளமாக, மேடம்" என்றார். "பாதுகாப்புக்காக உங்கள் கணவரின் போனுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன். அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."