கல்லச்சுக் கண்ணுச்சாமியும் இடது கைக் கீரியும்

மல்லாங்கிணற்றில் மானாவாரியாகக் கம்பும் மிளகாயும் பயிரிட்டு வந்த குடும்பத்தில் பிறந்தவர் கண்ணுச்சாமி. மீசை அரும்பும் வயதில் சிவகாசிக்கு வந்து, லித்தோ அச்சகம் ஒன்றில் ஓவியராகச் சேர்ந்தார். லித்தோ என்பது கல்லச்சு. வழவழப்பாகத் தேய்த்த கல்லின்மேல் எண்ணெய்ப்பசையுள்ள மையால் படத்தை வரைந்து, அதன்மேல் தாளை அழுத்தி எடுப்பார்கள். கல்லில் வலப்புறம் இருப்பது தாளில் இடப்புறம் விழும். ஆதலால் கல்லில் எதையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றியே வரைய வேண்டும். எழுத்தையும் திருப்பியே எழுத வேண்டும். ஒவ்வோர் ஓவியருக்கும் பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடி தொங்கும். வரைந்ததை அதில் காட்டிப் பார்த்துத்தான் சரிபார்ப்பார்கள்.

அச்சகத்தின் உரிமையாளர் சங்கரபாண்டியன். அவருக்குப் பட்டாசுக் கம்பெனியும் உண்டு. பட்டாசுக்குக் கீரிப்பிள்ளை மார்க். பெட்டிமேல் ஒட்டும் கீரி லேபிளை வரைந்தவர் கண்ணுச்சாமி.

அந்தக் கீரி ஒரு நாள் அசைந்தது. 1956ஆம் ஆண்டின் பட்டாசு சீசனில் நடந்தது இது என்று கண்ணுச்சாமியின் மனைவி வெள்ளைத்தாய் சொல்கிறார். அடுத்த ஆண்டு என்போரும் உண்டு. பல நிறங்களில் அச்சிடும்போது ஒரு நிறம் சற்று விலகி விழுந்துவிட்டால் அந்தத் தாள் கழிவு. அப்படிக் கழிந்த லேபிள்களை அடுக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகச் சரசரவென விடுவித்தபோது, ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக விலகியிருந்த கீரியின் வால் ஆடியது. கண்ணுச்சாமி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு அந்தத் தாள்கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வெள்ளைத்தாயிடம் காட்டினார்.

“கீரிக்குக் குளிரு காய்ச்சலா? இப்படி நடுங்குது?” என்றார் அவர்.

விருதுநகர்த் திரையரங்கில் முதன்மைப் படத்துக்கு முன்னால் சில சமயம் வெளிநாட்டுப் பொம்மைப்படங்கள் சிலவற்றைக் காட்டுவார்கள். அவற்றைப் பார்ப்பதற்காக மட்டும் கண்ணுச்சாமி ரயிலேறிப் போய்வந்தார். வெளிநாட்டில் மூன்று மணி நேரப் படம் முழுவதையும் வரைந்த பொம்மைகளை வைத்தே எடுக்கிறார்கள், அதற்கு நூற்றுக்கணக்கான ஓவியர்களும் பெரிய வாத்தியக் குழுவும் உழைக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்ட நாள் முதல், தாமும் அப்படி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பிடித்துக்கொண்டது. முழுப்படம் பிற்பாடு, முதலில் சிறியதாக ஒன்று.

தீபாவளிக்குத் திரையரங்குகளில் கண்ணாடிச் சிலைடு போட்டு விளம்பரம் செய்வது அக்கால வழக்கம். “சிலைடுக்குப் பதிலா ஆடுற கீரியைப் போடலாம் மொதலாளி” என்று கண்ணுச்சாமி கேட்டார்.

சங்கரபாண்டியன் புதுமைக்கு அஞ்சாதவர். ஆனால் எதற்கும் எல்லை வைப்பவர். “ஒரே ஒரு தடவை செஞ்சு பாரு. தீவாளிக்கு ஓடி, சனம் சிரிச்சா அடுத்த வருசமும் செய்யலாம். இல்லைன்னா இதைப் பத்தி எங்கிட்ட வாயே திறக்கக் கூடாது.”

கதை எளியது. கீரி ஒன்று பாம்பு மாத்திரையைக் கொளுத்துகிறது. சாம்பல் பாம்பு நீண்டு வளர்ந்து எழுந்து கீரியைத் துரத்துகிறது. கீரி ராக்கெட்டின்மேல் ஏறித் தப்பி, ஒரு வீட்டு முற்றத்தில் விழுகிறது. அங்கே ஒரு பெண் மத்தாப்புக் கொளுத்துகிறாள். கீரி வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் கொடுக்கிறது. கடைசியில் கம்பெனியின் பெயர்.

இசைக்கு அவர் தேடிப்போனது தம் ஊர்க்காரரும் நையாண்டி மேளக் குழுவின் தவில்காரருமான தங்கச்சாமியை. மதிய உணவு வேளையில் அச்சகக் கொட்டகையில் மேளம் நடக்கும். தங்கச்சாமி அடிக்க, கண்ணுச்சாமி பென்சிலால் மேசையில் தட்டி, எந்த அடிக்குக் கீரியின் எந்தக் கால் என்று முடிவுசெய்வார்.

“கீரி இன்னுங் கொஞ்சம் மெல்ல ஓடட்டும்பா. எனக்கும் வயசாகுதுல்ல” என்பார் தங்கச்சாமி.

“பாம்பு விரட்டுறப்ப யாராவது மெல்ல ஓடுவானா? நீ அடி.”

கோடையில் மேளக்குழு சென்னைக்குப் போய் ஒலிப்பதிவை முடித்துத் திரும்பியது. அதன்பின் கண்ணுச்சாமி மாதக்கணக்கில் வரைந்தார். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதற்கு, லேபிளுக்குச் செய்வதுபோலவே மூலைகளில் கூட்டல் குறி இட்டார். லேபிளுக்குச் செய்வதுபோலவே கைக்கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்தார். லேபிளுக்குச் செய்வதுபோலவே எல்லாவற்றையும் வலம் இடமாக மாற்றி வரைந்தார்.

காமிரா கல் அல்ல. தாளில் இருப்பதை அது இருந்தபடியே எடுக்கும். இது யாருக்கும் தோன்றவில்லை. சங்கரபாண்டியன் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். மற்ற ஓவியர்கள் பார்த்தார்கள். திருப்பி வரைந்த படத்தை நாள்தோறும் காணும் அவர்களுக்கு, அது நேராக இருந்திருந்தால்தான் வியப்பாக இருந்திருக்கும். சென்னையில் அந்தத் தாள்களைப் படமெடுத்தவரோ தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டுக்காரர்.

1958 தீபாவளிக்குச் சில நாள் இருக்கையில் படச்சுருள் வந்து சேர்ந்தது. விருதுநகர்த் திரையரங்கில் காலை வேளையில், ஆட்டம் இல்லாத நேரத்தில், போட்டுப் பார்த்தார்கள். சங்கரபாண்டியனும் அச்சகத்தாரும் முன்வரிசையில் அமர்ந்தார்கள். வெள்ளைத்தாய் பின்னால் தங்கச்சாமியின் குழுவோடு அமர்ந்திருந்தார்.

கீரி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. பாம்பு வளர்ந்தது. ராக்கெட் பறந்தது. கம்பெனியின் பெயர் திரையில் வந்ததும் முன்வரிசை எழுந்து கைதட்டியது. கண்ணுச்சாமியின் கண் கலங்கியிருந்தது. சங்கரபாண்டியன் அவர் தோளைத் தட்டினார். பெயர் முழுவதும் திருப்பி எழுதப்பட்டிருந்தது. திருப்பிய எழுத்தைப் படித்தே பழகிய அத்தனை பேரும் அதை எழுத்துக்கூட்டாமல் படித்துவிட்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து வெள்ளைத்தாயின் குரல் கேட்டது. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கீரி ஏன் பலகாரத்தை இடது கையால குடுக்குது?”

கைதட்டல் நின்றது.

“அந்தப் பொம்பளையும் மத்தாப்பை இடது கையாலதான் பிடிச்சிருக்கா. அவ மாராப்பைப் பாருங்க, வலது தோள்ல கெடக்கு.”

வெள்ளைத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. எழுத்தைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்திருந்தார். ஆபரேட்டர் சின்னச்சாமி சுருளை மீண்டும் ஓட்டினார். இம்முறை எல்லோரும் கையை மட்டுமே பார்த்தார்கள்.

சங்கரபாண்டியன் கண்ணுச்சாமியின் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லச் சொன்னார்: “நல்ல நாளும் அதுவுமா இடது கையால பலகாரம் நீட்டுற படத்தைப் போட்டா எந்த வியாபாரிப்பா நமக்கு ஆர்டர் குடுப்பான்? பழைய சிலைடையே போடச் சொல்லிருதேன். நீ நாளைக்குக் கல்லுக்கு வந்துரு. பொம்மை வேலை இதோட போதும்.”

மறுபடி சென்னைக்கு அனுப்பி மாற்றி எடுக்க நாள் இல்லை. முதலாளி முன்பே எல்லை வைத்திருந்தார்.

அப்போது மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னச்சாமி, “எதுக்கு எல்லாரும் எழவு வீடு மாதிரி உட்காந்திருக்கீக? பிலிமைத் திருப்பி மாட்டுனா இடது கை வலது கையாயிரும்ல?” என்றார்.

“அப்ப மாட்டேம்பா!”

“மாட்டலாம் மொதலாளி. ஆனா சத்தம் வராது.”

அவர் சுருளை எடுத்துக் காட்டி விளக்கினார். படச்சுருளின் ஒரு பக்க ஓரத்தில், ரம்பப் பல் போல ஏறி இறங்கும் கோடாக ஒலி பதிந்திருக்கும். எந்திரத்தில் ஒரு சிறு விளக்கின் ஒளி அந்தக் கோட்டைத் தொட்டுத்தான் சத்தம் எழுப்பும். சுருளைத் திருப்பினால் கோடு மறுபக்கம் போய்விடும். அங்கே அந்த விளக்கு இல்லை.

“ஊமைக் கீரியா?” என்றார் சங்கரபாண்டியன்.

“ஊமை எதுக்கு?” தங்கச்சாமி எழுந்து நின்றார். “அதுல அடிச்சிருக்கறது நாங்கதானே? செத்தா போயிட்டோம்? திரைக்குக் கீழ உட்காந்து அடிக்கிறோம்.”

சின்னச்சாமி சுருளைத் திருப்பி மாட்டினார். கீரி வலது கையால் பலகாரம் கொடுத்தது. பெயர் நேராக வந்தது. அச்சகத்தார் சிலர் அதைப் படிக்கச் சற்றுத் தடுமாறியதாக வெள்ளைத்தாய் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு குறைகள் இருந்தன. சுருள் மாறி ஓடியதால் படம் சற்று ஒதுங்கி, ஒரு பக்கத்தில் கீரியின் வால்நுனி வெட்டுப்பட்டது. மறுபக்கத்தில் ஒலிக்கோடு திரைக்குள் எட்டிப் பார்த்தது. ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை துடித்துக்கொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய குறை மேளத்தில். காதில் கேட்டுப் பழகிய தாளத்தைக் கண்ணால் பார்த்து அடிப்பது எளிதாக இல்லை. கீரி குதித்து முடித்த பிறகே தவில் முழங்கியது. பாம்பு விழுந்து கிடக்கையில் நாகசுரம் அதை எழுப்பிக்கொண்டிருந்தது.

“கீரி முன்னால போகுது, மேளம் பின்னால நொண்டிக்கிட்டு வருது. இதுக்குச் சிலைடே தேவலை” என்றார் சங்கரபாண்டியன்.

ஓரத்துப் பட்டையையாவது மறைக்கலாம் என்று சின்னச்சாமி கறுப்புத் தாளை வெட்டப் போனார். கண்ணுச்சாமி தடுத்தார். அவர் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை போடுங்க. தங்கச்சாமி, நீ கீரியைப் பாக்காத. ஓரத்தைப் பாரு.”

மீண்டும் ஓடியது. கீரி குதிப்பதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னதாக, பட்டையில் பற்கள் அகலமாகத் துள்ளின. பிறகே கீரி குதித்தது. படச்சுருளில் ஒலியை அதற்குரிய படத்தைவிடச் சற்று முன்தள்ளிப் பதிப்பது வழக்கம் என்பதைச் சின்னச்சாமி சொன்னார். கோடையில் சென்னையில் அடித்த ஒவ்வோர் அடியும் இப்போது தங்கச்சாமியின் கண்ணெதிரே வந்து, ‘அடுத்தது நீ’ என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

“ஏலே, இது என் கைதான்ல!” என்று கூவினார் தங்கச்சாமி. “நான் அடிச்சது எனக்கே சாடை காட்டுது!”

பட்டையை மறைக்காமல் விடச் சொன்னது தாமே என்று பிற்காலத்தில் சின்னச்சாமியும் தங்கச்சாமியும் தனித்தனியே உரிமை கொண்டாடினார்கள். கண்ணுச்சாமி இருவரிடமும் ஆமாம் என்றே சொல்லிவந்தார்.

தீபாவளி முதலாட்டத்தில் அரங்கு நிறைந்திருந்தது. விளக்கணைந்ததும் திரைக்குக் கீழிருந்து பம்பையும் உறுமியும் எழ, எல்லோரும் முதலில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கீரி வந்தது. அதன் ஒவ்வோர் எட்டுக்கும் தவில் பேசியது. பாம்பு வளைந்து எழ எழ நாகசுரம் அதனோடு நெளிந்து ஏறியது. ராக்கெட் வெடித்த கணத்தில் நான்கு வாத்தியமும் ஒன்றாக விழ, பெஞ்சிலிருந்த ஒருவர் துண்டைத் தூக்கி எறிந்தார். முதன்மைப் படத்தைத் தொடங்க விடாமல், “கீரியை இன்னொரு தடவை போடு!” என்று கூச்சல். சின்னச்சாமி மறுபடி போட்டார். வால்நுனி இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த வாரத்துக்காகத் திரையரங்கு அச்சிட்ட அறிவிப்புத் தாள் ஒன்று வெள்ளைத்தாயிடம் இருக்கிறது. முதன்மைப் படத்தின் பெயருக்கு நிகரான எழுத்தில் ‘நேரடி மேளத்துடன் கீரிப்பிள்ளைப் பொம்மைப்படம்’ என்று அதில் உள்ளது.

தீபாவளி கழிந்து அச்சகம் திறந்த நாளில் சங்கரபாண்டியன் கண்ணுச்சாமியின் மேசைக்கே வந்தார். “சாத்தூர்க்காரன் கேக்கான், அருப்புக்கோட்டைக்காரன் கேக்கான். மேளத்தோட வேணுமாம். அடுத்த வருசத்துக்கு என்ன கதை வச்சிருக்க?”

“வச்சிருக்கேன் மொதலாளி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். இந்தத் தடவை சத்தம் பதிய வேண்டாம். மேளம் அங்கனயே அடிக்கட்டும்.”

“பதியாம விட்டா ஓரத்துல கோடு எப்படி வரும்? தங்கச்சாமி எதைப் பாத்து அடிப்பான்?”

“நான் வரைஞ்சிருதேன்.”

அப்படியே செய்தார். இரண்டாவது படத்தில் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும், வரப்போகும் அடிக்குச் சற்று முன்னதாகத் துள்ளும் கோட்டைத் தம் கையாலேயே வரைந்தார். மெல்லிய அடிக்குச் சிறு பல், ஓங்கிய அடிக்குப் பெரும் பல், நாகசுரத்துக்கு நெளிவு. தாள்கள் சென்னைக்குப் போகுமுன் வெள்ளைத்தாயிடம் வரும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, “இது எந்தக் கை?” என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவார்.

1965 வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு கீரிப் படம் வந்தது. மற்ற மாதங்களில் கண்ணுச்சாமி கல்லுக்குத் திரும்பி லேபிள் வரைந்தார். மூன்று மணி நேரப் படம் என்னாயிற்று என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றே.

“வரைய நான் தயார். மூணு மணி நேரம் அடிச்சா தங்கச்சாமிக்குக் கை வீங்கிருமேன்னுதான் யோசிக்கேன்.”

தங்கச்சாமி பக்கத்தில் இருந்தால் விடமாட்டார். “நீ வரை. இடைவேளையில எனக்கு ஒரு காப்பி மட்டும் வாங்கிக் குடு. வலது கையால.”