மூன்று ஊர் ஆடும் ஒரே மலைப் புல்லும்

ஆடு வளர்ப்பது எளிது. ஆடு வளர்க்கிறவர்களை ஒரு கூட்டத்தில் உட்கார வைப்பதுதான் பாடு. நாலு பேரோடு சேர்ந்து தொழில் தொடங்கி, அதற்குச் செயலாளராகவும் இருந்து தொலைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பக்கம் ஒரு பெருமூச்சு விடுங்கள்.

நான் மலைத் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தேயிலைத் தொழிலாளர் சங்கம் நடத்தியவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரம் படித்தும், பிறகு நானே எழுதியும் கற்றது. கடைசி வேலைநிறுத்தம் தோற்றது. அதை நடத்தச் சொன்ன தலைவர்கள் திருவனந்தபுரத்தில் அடுத்த மேடைக்குப் போனார்கள். நடத்திய நானும் பன்னிரண்டு குடும்பங்களும் மலையை விட்டு இறங்கினோம். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது.

திருவனந்தபுரத்திலிருந்து போனக்காடு பஸ் போகும் பாதையில், ரப்பர் வெட்டிய குன்று ஒன்று புல் மண்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் வாசு சார், ஓய்வுபெற்ற வாத்தியார், ஆறு மாதம் சும்மா மேய்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்குள் தொழில் நிலைக்காவிட்டால் மறுபடி ரப்பர் கன்று வைத்துவிடுவார். பன்னிரண்டு குடும்பமும் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் கட்டடங்களுக்கு ஜல்லி சுமக்கப் போக வேண்டியதுதான்.

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் இறைச்சிக் கடை வைத்திருந்த தென்காசிக்காரர் சாகுல் அண்ணன் ஒரு வழி சொன்னார். வாரம் பத்துக் குட்டி எடுத்துக்கொள்வார். ஆனால் ஒரே இனமாக, புல்லிலேயே வளர்ந்ததாக இருக்க வேண்டும். ஆறு மாதம் வளர்த்துக் காட்டினால், இனத்துக்கு ஒன்றை அறுத்துப் பார்த்து முடிவு சொல்வார். "தீவனம் போட்டுக் கொழுக்க வைக்காதீங்க. மூணாம் மாசமே உங்களுக்குக் கட்டாது, என் கடைக்கு வரத்து நின்னுபோகும், மனசிலாயா?" என்றார்.

ஆட்டுக்கும் மாவட்டம் உண்டு

கால்நடை ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகத்தை நான் மூன்று முறை படித்தேன். அச்சில் வந்ததை நம்பிப் பழகியவன். அதில் பார்த்து மூன்று செம்மறி இனங்களைத் தேர்ந்து, இனத்துக்கு ஆறு கிடாக்குட்டி வாங்கி வந்தோம். உயரமான காலும் வெள்ளையில் சிவப்புத் திட்டுமாக வேம்பூர். பெயருக்கேற்ற ராமநாதபுரம் வெள்ளை. குட்டை ரோமமும் செம்பழுப்பு நிறமுமாக, சேலத்துப் பக்கத்து மேச்சேரி. பதினாலு விதிகள் எழுதிக் கொட்டகையில் ஒட்டினேன். முதல் விதி: புல்லைத் தவிர எதுவும் ஆட்டின் வாயில் படக் கூடாது.

ஒட்டிய பசை காய்வதற்குள் எங்கள் ஆட்டுச் சங்கம் இரண்டானது. மாடசாமியின் தாத்தா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மலை ஏறியவர். அதனால் வேம்பூர் அவன் சொந்தக்கார ஆடு. முனியாண்டியின் பூட்டன் பரமக்குடி. ஆகவே வெள்ளை அவனுடையது. இருவரும் அந்த ஊர்களைக் கண்ணால் பார்த்ததில்லை. மற்ற குடும்பங்களும் பாட்டன் வழி விசாரித்து ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டன. மேச்சேரிக்கு மட்டும் ஆளில்லை. எங்களில் யாருக்கும் சேலத்தில் உறவு கிடையாது. தொழிலாளிக்கு ஊரும் இல்லை, மாவட்டமும் இல்லை என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு முனியாண்டி சொன்னான்: "சரி தோழரே. மொதல்ல நீங்க வேம்பூர் ஆட்டை 'நம்ம ஆடு'ன்னு சொல்றத நிறுத்துங்க."

ஈரக் கழிவு

தோட்டத்தில் கொழுந்து எடை போடும்போது, இலையில் ஈரம் இருக்கிறதென்று கணக்கப்பிள்ளை கிலோக் கணக்கில் கழிப்பார். அதை எதிர்த்து நான் மூன்று நாள் மழையில் ரோட்டில் படுத்தவன். அந்தப் போராட்டம் ஜெயித்தது. என் வாழ்க்கையில் முழுசாக ஜெயித்தது அது ஒன்றுதான்.

முதல் மாத எடை அன்று விடிய விடிய மழை. வேம்பூர்க் குட்டிகள் தொப்பலாக நனைந்திருந்தன. தராசில் ஏற்றியதும் முனியாண்டி, "ஈரத்துக்குக் கழிக்கணும்" என்றான். மாடசாமி, அப்படியானால் வெள்ளை ஆட்டின் காலில் ஒட்டிய சேற்றுக்கும் கழிக்க வேண்டும் என்றான். சேற்றைக் கழுவினால் அது ஈரமாகும், அதற்கும் கழிக்க வேண்டும் என்று ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் வரை பேசினோம். கடைசியில் நான் எழுந்து, எல்லா ஆட்டுக்கும் பொதுவாக அரைக் கிலோ கழித்து எழுதினேன். நோட்டை எட்டிப் பார்த்த மாடசாமி மெதுவாகச் சொன்னான்: "கணக்கப்பிள்ளை ரிட்டயராகிப் போயிட்டாருன்னு நெனச்சோம். நம்மகிட்டதான் வந்து சேர்ந்திருக்காரு."

கருங்காலி

ஆடி மழையில் மூன்று இனத்தின் குணமும் தெரிந்தது. வேம்பூர் பாறையடியில் ஒண்டிக்கொண்டு நகர மறுத்தது. வெள்ளைக்குக் குளம்பு அழுகியது. மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் தினமும் அதன் கால்களை முக்கி எடுத்தோம். மேச்சேரி மட்டும் தலையைக் குனிந்து, கொட்டுகிற மழையில் மேய்ந்துகொண்டே இருந்தது.

எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இரண்டு இனம் வேலைநிறுத்தம் செய்யும்போது மூன்றாவது மட்டும் உள்ளே போய் வேலை பார்க்கிறது. இந்த மாதிரி ஆட்களால்தான் நாங்கள் மலையில் தோற்றோம். என் மனைவி செல்லம்மாவிடம் இதைச் சொன்னேன். அவளும் என்னோடு ரோட்டில் படுத்தவள்தான். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்கு யாரு கஞ்சி ஊத்துறா? நனைஞ்சாலும் அதுதானே மேயணும்."

அந்தப் பதிலில் இருந்த சேதியை நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அரைக் கிலோ

வாங்குகிறவர்களின் மனம் தெரிய வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாகுல் அண்ணன் கடையில் நின்றேன். கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, ஆட்டிறைச்சி என்றால் வெள்ளாடுதான் வேண்டும், செம்மறி வேண்டாம் என்றான். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரே புல், ஒரே மலை, ஒரே மழை. இதில் உயர்ந்த ஆடு, தாழ்ந்த ஆடு என்று பிரித்தது யார், அந்தப் பிரிவினையால் லாபம் யாருக்கு என்று தொடங்கினேன். வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் கேட்டார்கள். நல்ல கூட்டம் என்றே நினைத்தேன். பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "சேட்டா, பிரசங்கம் வேண்டா. செம்மறி ஆயாலும் மதி, எல்லில்லாத்தது அரக் கிலோ." எலும்பில்லாமல் அரைக் கிலோ செம்மறியே போதுமாம்.

வயிற்றுக்குள் இருந்த சாட்சி

ஆறாம் மாதம் முடிந்தது. இனத்துக்கு ஒன்றாக மூன்று ஆட்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நானும் செல்லம்மாவும் மாடசாமியும் முனியாண்டியும் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். தராசில் வேம்பூர் முதலில் வந்தது; வெள்ளை அதை ஒட்டி இரண்டாவது; மேச்சேரி ஒரு கிலோ குறைவு. மாடசாமி துண்டை உதறித் தோளில் போட்டான். நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சாகுல் அண்ணன் மூன்றையும் அறுத்து, உரித்துத் தொங்கவிட்டார். பிறகு இரைப்பையை ஒவ்வொன்றாகக் கீறிக் கல்லில் கொட்டினார். வெள்ளையின் வயிற்றிலிருந்து வேகவைத்த பலாக்கொட்டை உருண்டது. முனியாண்டி வானத்தைப் பார்த்தான். வேம்பூரின் வயிற்றில் பிண்ணாக்கு. மாடசாமி துண்டை இறக்கினான். அதோடு முடிந்திருக்கலாம். பிண்ணாக்கோடு சோற்றுப் பருக்கையும் இருந்தது. அதற்கு அவன் இல்லையென்று தலையாட்டி, "இது நான் இல்லண்ணே" என்றான். நான் செல்லம்மாவைப் பார்த்தேன்.

"ஆமா, நான்தான். காலையில ஒரு செம்பு கஞ்சி" என்றாள் அவள். "நீங்க நம்ம ஆடு, நம்ம ஆடுன்னீங்க. மலையிலதான் தோத்தாச்சு. ஆட்டுலயாவது ஜெயிச்சுட்டுப் போங்களேன்னு பார்த்தேன்."

பதினாலு விதியின் நகலும் என் பையில் மடித்து இருந்தது. வாசு சாரின் ரப்பர் கன்றுகளும் கழக்கூட்டத்து ஜல்லிக் குவியலும் எனக்குக் கண்முன்னே வந்து நின்றன. சாகுல் அண்ணன் மூன்றாவது இரைப்பையைக் கீறினார். புல். கையால் கிளறினார். பச்சைப் புல், அதற்கடியிலும் புல். ஆறு மாதமும் அந்த ஆட்டுக்காக ஒருவரும் ஒரு பிடி எதையும் கொண்டுபோனதில்லை. அவர் மேச்சேரியின் தொடையை அழுத்திப் பார்த்தார், முதுகில் கட்டைவிரலை ஓட்டினார், கத்தியைத் துடைத்து வைத்தார்.

"ரெண்டை நீங்க வளர்த்திருக்கீங்க செயலாளரே, இதைப் புல்லு வளர்த்திருக்கு. வெள்ளிக்கிழமை மிச்சம் அஞ்சையும் கொண்டாங்க, இனி வாராவாரம் பத்துக்கு இதையே வாங்கி வளர்த்துக் கொடுங்க, கேட்டோ."

ஆயுள் முழுக்க ஆதரவு திரட்டியே வாழ்ந்த என்னையும் பன்னிரண்டு குடும்பத்தையும் கடைசியில் கரை சேர்த்தது, ஆதரிக்க ஒரே ஓர் ஆள்கூட இல்லாமல் மழையில் மேய்ந்த அந்தக் கருங்காலி ஆடுதான்.